ஹியோகிக்குத் தமிழ்ச்சொல்: ‘மடக்கு விசிறி’யா, ‘ஏட்டு விசிறி’யா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அரசவையில் வழங்கிய ஹியோகி என்னும் விசிறியைக் கையால் செய்யும் முறையைத் தமிழில் எழுத முற்பட்டுள்ள நண்பர், அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் சொற்கள் கேட்டிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘மடக்கு விசிறி’ என்பதற்கே ஆதரவு மிகுதி. கேட்டவுடன் விளங்கும் சொல் அது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹியோகியில் மடிவதற்கென்று எதுவும் இல்லை என்பதால், அந்தச் சொல் செய்முறையைப் படிப்பவரைத் தொடக்கத்திலேயே திசைதிருப்பிவிடும் என்று அஞ்சுகிறேன்.

தாள் விசிறியில் மூங்கில் குச்சிகள் தாங்கி நிற்க, அவற்றின்மேல் ஒட்டிய தாள் புடவைக் கொசுவத்தைப் போல மடிந்து விரிகிறது. ஹியோகியிலோ தாளும் இல்லை, தாளைத் தாங்கும் குச்சியும் இல்லை. ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்பிரஸ் மரத்தை நாரோட்டத்தின் வழியே வகிர்ந்து மெல்லிய பட்டைகளாக்கி, அடியில் குறுகியும் தலையில் அகன்றும் இருக்குமாறு சீவி, அடியில் துளையிட்டு ஒன்றாகச் செருகுகிறார்கள். தலைப்பக்கத்தில் ஒரு பட்டுநூல் பட்டைக்குப் பட்டை கோத்துச் செல்கிறது. விரிக்கும்போது ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன்மேல் வழுக்கி நகர்ந்து, நூல் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நின்றுவிடும்; அப்போதும் இரண்டின் ஓரங்களும் சிறிதளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கும். நூல் ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே இடைவெளி விழும்; இறுகினால், பட்டைகளின் குறுக்கே ஓடும் ஓவியத்தில் பைன் மரக் கிளை பாதியில் மறைந்துபோகும். இந்த நகர்வை அளந்து கட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

ஆகவே ‘ஏட்டு விசிறி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பட்டைகளின் வடிவம் மட்டும் இதற்குக் காரணமன்று. 710 முதல் 794 வரையிலான நாரா காலத்தில் அரசு அலுவல்களுக்கு மொக்கான் எனப்படும் மரச்சீவல்களில் மையால் எழுதினார்கள். அத்தகைய சீவல்களை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியதிலிருந்தே ஹியோகி பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. அவையோர் சடங்குகளின் ஒழுங்கை மறந்துவிடாமல் இருக்க அதில் குறித்துவைத்துக்கொண்டார்கள். கியோட்டோவின் தோஜி ஆலயத்தில் கன்னோன் என்னும் போதிசத்துவரின் ஆயிரம் கைச் சிலையில், கை ஒன்றினுள் கிடைத்த ஹியோகியில், 877ஆம் ஆண்டைக் குறிக்கும் மையெழுத்து இன்றும் இருக்கிறது. காற்று வாங்குவதற்கு முன்பே எழுதுவதற்குப் பயன்பட்ட பொருளுக்கு ‘ஏடு’ என்பதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏடு என்றால் பனையோலைதானே, மரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று ஓர் அன்பர் வினவக்கூடும். செப்பேடு ஓலையன்று, பாலேடும் ஓலையன்று. மெல்லிய தகடாகவோ படலமாகவோ இருப்பது எதுவும் ஏடாகலாம். ‘ஏட்டு’ என்றதும் காவல் நிலையத்து ஏட்டு நினைவுக்கு வருமே என்ற தயக்கமும் தேவையில்லை. ஏட்டுச்சுவடி, ஏட்டுக்கல்வி ஆகியவற்றை நாம் அன்றாடம் குழப்பமின்றியே ஆள்கிறோம்.

உறுப்புகளுக்கு வருகிறேன். பட்டையை ‘விலா’ என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை. விலா என்றால் அதை மூடும் தசை ஒன்று வேண்டும். தாள் விசிறிக்கு அது பொருந்தும், இங்கே தாங்குவதும் பரப்பாக நிற்பதும் ஒரே பட்டைதான். ‘ஏடு’ என்றே சொல்வோம். அப்போது எண்ணிக்கையும் இயல்பாக அமைகிறது: பிற்கால வழக்கின்படி உயர்நிலைப் பிரபுக்களுக்கு 25 ஏடுகள், அடுத்த நிலையினருக்கு 23 ஏடுகள், அரசவைப் பெண்டிருக்கு 39 ஏடுகள். இரு புறத்து ஈற்று ஏடுகளை ஜப்பானியர் தாய் தந்தையராகக் கருதிப் பெயரிட்டிருக்கிறார்கள். நமக்குச் சுவடியைக் காக்கும் ‘சட்டம்’ என்ற சொல் கையிருப்பில் இருக்கிறது, அதுவே போதும்.

அடியில் எல்லா ஏடுகளையும் ஊடுருவி நிற்கும் உறுப்புக்கு, சுவடித் துளையில் செருகும் கம்பியின் பெயரான ‘நாராசம்’ பொருளளவில் மிகச் சரியானது. ஆனால் இன்று அச்சொல் காதைத் துளைக்கும் ஓசைக்கே உரியதாகிவிட்டதால், மனமில்லாமல் அதைக் கைவிடுகிறேன். ‘அச்சாணி’ தேரோடு ஒட்டியது. ‘ஆணி’ என்றால் இரும்பு என்று நினைப்பார்கள், தாளை முறுக்கிச் செருகுவதும் உண்டு. எப்பொருளால் ஆனாலும் பொருந்தும் ‘அடிமுளை’ என் தேர்வு. பெண்டிர் விசிறியில் அதன்மேல் வண்ணத்துப்பூச்சி, பறவை வடிவில் உலோக அணி அமையும். அதனை ‘முளையணி’ எனலாம்.

பூச்சுப் பொருள்களில் ஓர் எச்சரிக்கை. சிப்பியைப் பொடித்து எடுக்கும் கோஃபுன் என்ற வெள்ளையைச் ‘சுண்ணம்’ என்று எழுதினால், சுட்டு நீற்றியது என்று வாசகர் கொள்வார், அதைச் சுடுவதில்லை. ‘சிப்பி வெள்ளை’ என்பது தெளிவு. அதைக் குழைக்கும் நிகாவா, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுப்பது. நம் தச்சர்கள் இத்தகைய பசையை ‘வச்சிரம்’ என்பார்கள், புதுச்சொல் எதற்கு?

பெண்டிர் விசிறியின் இரு சட்டங்களிலிருந்தும் ஆறு நிறப் பட்டுக் கயிறுகள் நெடிது தொங்கும். மூடிய விசிறியின்மேல் அவற்றையே சுற்றிக் கட்டுவார்கள். 2019 அக்டோபர் 22 அன்று நடந்த பேரரசரின் அரியணையேற்பு விழாவில் பேரரசி மசாகோ ஏந்தி நின்ற விசிறியும் இவ்வகைதான். இக்கயிறுகளைக் ‘குஞ்சம்’ என்பது குறைத்துச் சொல்வதாகும். ‘தொங்கல் கயிறு’ என்போம். அவற்றில் இடும் முடிச்சுக்கு ஜப்பானியர் நன்னீர் நத்தை ஒன்றின் பெயரை இட்டிருக்கிறார்கள். ‘நத்தை முடிச்சு’ என்று அப்படியே கொள்ளத் தடையில்லை.

தலைப்பக்கத்து நூலுக்கு மட்டும் எனக்கு முடிவான சொல் வாய்க்கவில்லை. ‘கோவைநூல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அந்நூல் ஏடுகளைக் கோப்பதோடு நில்லாமல், எவ்வளவு விரியலாம் என்பதற்கு எல்லையும் வகுக்கிறது. அந்த இரண்டாம் பொருளும் தொனிக்கும் சொல் உங்களில் நெசவு, புத்தகக் கட்டமைப்பு அறிந்தவர்களிடம் இருக்கக்கூடும். தெரிவித்தால் நண்பரின் கட்டுரையில் அதையே ஆளலாம்.

அன்புடன்.