புதுப்பிப்பு: இட்லி மாவுக்கு உப்பு முன்னாலா, பின்னாலா?

கோவையின் மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை, உப்பை அரைத்தவுடன் போடுவதா, பொங்கிய பிறகா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில்கள் சரிபாதியாகப் பிரிந்தன. சரி என்று ஒரே மாவை (4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம்) இரண்டு தூக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பில்லாதது 12 மணி நேரத்தில் மூடியைத் தொட்டது. உப்புப் போட்டதற்கு 16 மணி நேரம் ஆனது. உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும். சித்திரை வெயிலில் அதுவே நமக்கு நல்லது.

கையால் கரைத்தால்தான் பொங்கும் என்றவர்களுக்கு: இரண்டையும் கரண்டியால்தான் கலக்கினேன். பொங்கவைக்கும் நுண்ணுயிர் உளுந்திலேயே இருக்கிறது.

அப்புறம், பின்னால் உப்புப் போட்டுக் கலக்கியதில் காற்று இறங்கி இட்லி கொஞ்சம் சப்பையாகிவிட்டது. மாமியார் அதை மட்டும் சரியாகக் கவனித்துவிட்டார்.