சேலைக் கிடங்கின் இருப்பைக் க்யூஆர் குறியீட்டால் கண்காணிப்பது: எப்படித் தொடங்கலாம்?

கேள்வி — இளம்பிள்ளைச் சேலைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். இளம்பிள்ளையில் பவர்லூம் சேலைகளைக் கூலிக்கு நெய்து வாங்கி, அங்கேயே ஒரு கிடங்கில் அடுக்கி வைத்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள கடை வழியாக மொத்த விலைக்கு விற்று வருகிறோம். பில் போடுவதும் கணக்கு வைப்பதும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் நடக்கின்றன. கிடங்கிலிருந்து கடைக்கு வரும் சரக்கு மட்டும் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதப்படுகிறது. மாதக் கடைசியில் டேலி காட்டும் இருப்பும் அலமாரியில் இருக்கும் சேலைகளும் ஒத்துப் போவதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வெளியூர் வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "இந்த டிசைனில் எத்தனை செட் இருக்கிறது?" என்று கேட்டால், கிடங்கிற்கு ஆள் அனுப்பிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடிகிறது. அதற்குள் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

க்யூஆர் குறியீடு ஒட்டினால் இதற்கு வழி பிறக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு சேலைக்கும் தனிக் குறியீடு வேண்டுமா, டிசைனுக்கு ஒன்று போதுமா? குறியீட்டுக்குள் விலை, நிறம், நெய்த தேதி ஆகியவற்றை எல்லாம் எழுத வேண்டுமா? கைபேசிக் கேமராவே போதுமா? கிடங்கில் கட்டுப் போடும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவர்களும் சிரமமின்றிக் கையாளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் முக்கியமான கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் — அம்மாபேட்டை மென்பொருள் பணியாளர்

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. க்யூஆர் குறியீடு உங்கள் சரக்கை எண்ணித் தராது. இது இன்ன சரக்கு என்று அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. சரக்கு உள்ளே வந்தது, கடைக்குப் போனது, விற்றது, திரும்பி வந்தது என்ற ஒவ்வொரு நகர்வையும் அது நடக்கும் இடத்திலேயே பதிவு செய்தால்தான் இருப்பு சரியாக நிற்கும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் விடுபடுவதும் இந்த நகர்வுகள்தான். எனவே எந்தக் குறியீடு என்று யோசிப்பதற்கு முன், கிடங்கு வாசலில் யார், எந்த நேரத்தில் ஸ்கேன் செய்வார் என்பதை முடிவு செய்யுங்கள்.

இந்தக் குறியீடு பிறந்ததே சரக்கைப் பின்தொடர்வதற்காகத்தான். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவும் கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக 1994-இல் இதை உருவாக்கினார்கள். பணம் செலுத்தும் அட்டையாக நம் ஊர்க் கடைகளுக்கு அது வந்து சேர்ந்தது வெகு காலத்திற்குப் பிறகு.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரே டிசைன், ஒரே நிறத்தில் நூறு சேலைகள் ஒன்றுபோல இருந்தால், சேலைக்குச் சேலை தனி எண் கொடுப்பதில் பயனைவிட வேலையே அதிகம். டிசைனும் நிறமும் சேர்ந்த ஒரு வகைக்கு ஒரு குறியீடு போதும். ஆனால் அந்தச் சேலைகளைக் கட்டிய கட்டுக்குத் தனி எண் கட்டாயம் வேண்டும். வகைக் குறியீட்டை ஒருவர் கவனமில்லாமல் இரண்டு முறை ஸ்கேன் செய்தால், கணினி அதை இரண்டு சேலைகள் என்றே எடுத்துக்கொள்ளும். தவறு நடந்தது யாருக்கும் தெரியாது. கட்டு எண் என்றால், ஏற்கெனவே வெளியேறிய கட்டு மறுபடி வெளியேற முடியாது என்று நிரலே தடுத்துவிடும். வாசலில் கட்டு எண்ணையும், கடையில் சில்லறையாகப் பிரித்து விற்கும்போது வகைக் குறியீட்டையும் பயன்படுத்துங்கள். கைத்தறிப் பட்டுப் போல ஒவ்வொன்றுக்கும் தனி விலை உள்ள சேலைகள் இருந்தால், அவற்றுக்கு மட்டும் தனித்தனி எண் கொடுக்கலாம்.

குறியீட்டுக்குள் ஒரு வெறும் எண்ணைத் தவிர வேறு எதையும் எழுத வேண்டாம். விலை மாறும், சேலை கிடங்கிலிருந்து கடைக்கு இடம் மாறும், அச்சிட்ட லேபிள் மட்டும் மாறாது. மேலும், கொள்முதல் விலையை உள்ளே எழுதி வைத்தால், வாங்க வந்த எவரும் தம் கைபேசியால் அதைப் படித்துவிட முடியும். எண்ணை மட்டும் குறியீட்டில் வைத்து, மற்ற விவரங்களைப் பதிவேட்டில் வையுங்கள். இணையத்தில் சந்தா கட்டிப் பெறும் டைனமிக் குறியீடுகளையும் இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ஒரு சேவை நிறுவனத்தின் முகவரி வழியாகவே திறக்கும். சந்தா நின்றால் கிடங்கு முழுவதும் ஒட்டிய லேபிள்கள் ஒரே நாளில் செல்லாமல் போகும்.

அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குறியீடு ஒட்டுங்கள். தட்டை முதலில் ஸ்கேன் செய்து, பிறகு கட்டை ஸ்கேன் செய்து உள்ளே வைத்தால், எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்பது கடையில் இருந்தபடியே தெரியும். வெளியூர் வியாபாரி படம் அனுப்பிக் கேட்கும்போது உடனே பதில் சொல்ல வைப்பது இதுதான்.

தொடக்கத்திற்குக் கூகுள் ஷீட்ஸும், அதிலுள்ள அட்டவணையைக் கைபேசிச் செயலியாக மாற்றித் தரும் ஆப்ஷீட்டும் போதும். அட்டவணையின் ஒரு நெடுவரிசையை ஸ்கேன் செய்து நிரப்பக் கூடியதாக அதில் அமைக்கலாம். பொத்தான்களின் பெயரைத் தமிழில் வைக்கலாம். சிக்னல் இல்லாதபோது பதிந்தவை பின்னர் போய்ச் சேரும். கட்டுப் போடும் பெரியவருக்குத் திரையில் "உள்ளே", "வெளியே", "திரும்பியது" என்ற மூன்று பெரிய பொத்தான்கள் மட்டும் தெரிந்தால் போதும். டேலியில் ஒவ்வொரு சரக்கின் மாற்றுப்பெயராக வகை எண்ணைக் கொடுத்துவிட்டால், பில் போடும் இடத்தில் ஸ்கேனரை அழுத்தியதும் அந்தச் சரக்கு வந்து நிற்கும். ஸ்கேனர் கணினிக்கு ஒரு தட்டச்சுப் பலகை போலத்தான் வேலை செய்கிறது. வாங்கும்போது க்யூஆர் போன்ற இரு பரிமாணக் குறியீட்டைப் படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய லேசர் ஸ்கேனர்கள் கோடுகளால் ஆன பார்கோடை மட்டுமே படிக்கும். கிடங்கில் கைபேசி போதும். நாள் முழுவதும் பில் போடும் மேசைக்குத் தனி ஸ்கேனர் இருப்பது நல்லது.

பதில் — லேபிள் அச்சகத்தார், சேலம்

மேலே உள்ள பதிலில் எண்ணை மட்டும் எழுதச் சொன்னதற்கு அச்சுத் தொழில் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே எழுதுவது கூடக் கூடக் குறியீட்டின் கட்டங்களும் கூடும். மிகச் சிறிய க்யூஆர் 21-க்கு 21 கட்டங்கள் கொண்டது. எண்கள் மட்டும் என்றால், பிழைதிருத்தத்தின் மிக உயர்ந்த நிலையான எச் நிலையிலும் அதில் 17 இலக்கங்கள் அடங்கும். அந்த நிலையில் குறியீட்டின் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்க முடியும். மிகக் குறைந்த எல் நிலையில் அது 7 விழுக்காடுதான். அதே இடத்தில் 60 எழுத்துள்ள இணைய முகவரியை எழுதினால், நடுத்தரமான எம் நிலையிலேயே 33-க்கு 33 கட்டங்கள் ஆகிவிடும். கட்டங்கள் பொடியாகி, மடங்கிய கவரின் மேல் படிக்கச் சிரமப்படும்.

203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) அச்சுப்பொறி ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வைக்கும். ஒரு கட்டத்துக்கு 4 புள்ளிகள் என்று கொண்டால், 21 கட்டங்களும், நான்கு பக்கமும் விட வேண்டிய 4 கட்ட வெற்றிடமும் சேர்ந்து பதினான்கரை மில்லிமீட்டரில் முடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் கடை முத்திரையையோ சாமி படத்தையோ போட்டு நிரப்ப வேண்டாம்; சுற்றியுள்ளவற்றிலிருந்து குறியீட்டைப் பிரித்தறியக் கேமராவுக்கு அது வேண்டும்.

சேலைத் துணியின் மேல் நேராக ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. வெயில் காலத்தில் பசை இளகிக் கறை பிடிக்கும். கவரின் மேல் ஒட்டலாம். ஆனால் சில்லறைக் கடைக்காரர் கவரை மாற்றினால் அடையாளம் போய்விடும் என்பதால், நூலில் கட்டித் தொங்கவிடும் அட்டையே பாதுகாப்பானது. பளபளப்பான கவருக்குள் லேபிளை வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். மை ரிப்பன் இல்லாமல் சூட்டால் மட்டும் அச்சிடும் டைரக்ட் தெர்மல் லேபிள், வெயிலும் சூடும் பட்டால் மங்கிவிடும். சில நாட்களில் கைமாறும் பார்சலுக்கு அது போதும், மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கும் கட்டுகளுக்கு ரிப்பன் வைத்து அச்சிடும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் லேபிளே ஏற்றது. குறியீட்டின் கீழே அதே எண்ணைக் கண்ணால் படிக்கும்படியும் அச்சிடச் சொல்லுங்கள். லேபிள் கிழிந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும்.

பதில் — ஏற்காடு காப்பித் தோட்டக் கிடங்குப் பொறுப்பாளர்

எங்களுடையது காப்பியும் மிளகும்; சேலை வியாபாரத்தோடு தொடர்பில்லை என்றாலும், இரண்டு விஷயங்கள் உங்களுக்குப் பயன்படக் கூடும் என்பதால் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் மூடுபனி கிடங்குக்குள்ளும் வந்துவிடும். கோணிச் சாக்கின் மேல் ஒட்டும் காகித லேபிள் நாரோடு உரிந்து வந்துவிடுகிறது. அதனால் பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்டுச் சாக்கின் வாயைத் தைக்கும் சணலோடு சேர்த்துக் கட்டுகிறோம். காய்ந்த பார்ச்மென்ட் காப்பி (உள்தோல் நீக்காத கொட்டை) காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எடை கூடும். ஜனவரியில் நிறுத்த எடையைக் குறியீட்டுக்குள்ளேயே எழுதி வைத்தால், ஆகஸ்டில் அது உண்மையாக இருக்காது. எனவே எண் மட்டும் அட்டையில் இருக்கிறது. எடையும் ஈரப்பதமும் அளந்த தேதியோடு பதிவேட்டில் ஏறுகின்றன.

இரண்டாவது விஷயம், பிரிப்பதும் சேர்ப்பதும். வெவ்வேறு நாட்களில் பறித்த இரண்டு குவியல்களை ஒன்றாகக் கலந்தால், பழைய எண்கள் இரண்டையும் முடித்து வைத்துப் புதிய எண் ஒன்று கொடுத்து, அது எவற்றிலிருந்து வந்தது என்று எழுதுகிறோம். உங்கள் கட்டுக்கும் இதுவே பொருந்தும். இருபது சேலைக் கட்டிலிருந்து ஆறு சேலைகளை எடுத்துவிட்டு, மீதியைப் பழைய அட்டையோடு அடுக்கி வைத்தால், கணினி அதை இன்னும் இருபது என்றே நம்பும். பிரித்த அந்தக் கணத்திலேயே பழைய எண்ணை மூடி, மீதிப் பதினான்குக்குப் புதிய அட்டை கட்ட வேண்டும். எண்கள் அச்சிட்ட வெற்று அட்டைகள் ஒரு கட்டு எப்போதும் கிடங்கிலேயே இருந்தால், இதற்காக அச்சுப்பொறியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கேட்டவரின் மறுமொழி — இளம்பிள்ளைச் சேலைக்காரர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டுக்கு ஒரு எண், வகைக்கு ஒரு எண், தட்டுக்கு ஒரு எண் என்பது நன்றாகப் புரிந்தது. இரண்டு சந்தேகங்கள் மிஞ்சியுள்ளன. தறிக்காரர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பாவும் ஊடை நூலும் எங்கள் சரக்குதான். அதையும் இதே முறையில் கொண்டுவரலாமா? நூல் மில்லிலிருந்து வரும் பில்லில் ஏற்கெனவே ஒரு க்யூஆர் இருக்கிறதே, அதையே ஸ்கேன் செய்து இருப்பில் ஏற்ற முடியுமா? சில்லறைக் கடைகளிலிருந்து அட்டை இல்லாமல் திரும்பி வரும் சேலைகளை என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் — வரிக் கணக்கர், சேலம்

மில் பில்லில் இருப்பது மின் விலைப்பட்டியலுக்கான (இ-இன்வாய்ஸ்) குறியீடு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு இதைப் பெற வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. விற்பவர், வாங்குபவர் இருவருடைய ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, பில்லில் எத்தனை சரக்கு வரிசைகள் என்பன போன்ற விவரங்கள் மட்டுமே அதில் இருக்கும். எந்த நூல், என்ன கவுண்ட் (நூலின் நயம்), எத்தனை கோன் (நூல் சுற்றிய கூம்பு) என்பது அதில் இருக்காது. பில் உண்மையானதா என்று சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். இருப்புக்கு உங்கள் சொந்த எண்ணை மூட்டையில் ஒட்டுவதுதான் முறை.

தறிக்காரருக்குக் கொடுக்கும் நூலைக் கட்டாயம் இந்த முறைக்குள் கொண்டுவாருங்கள். கூலி வேலைக்கு அனுப்பும் மூலப்பொருள், செலானோடு (சரக்கு அனுப்பும் சீட்டு) போய் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அது விற்றதாகக் கருதப்பட்டு வரி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு தறிக்காரரையும் உங்கள் கிடங்கின் ஒரு தட்டைப் போலவே ஓர் இடமாகப் பதிவு செய்து, நூல் மூட்டை வெளியேறும்போது செலான் எண்ணையும் அதனோடு பதியுங்கள். சேலையாகத் திரும்பும்போது எவ்வளவு நூல் சேலையாயிற்று, எவ்வளவு கழிவாயிற்று என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தொலைந்தவை, பழுதானவை, மாதிரிக்கு இலவசமாகக் கொடுத்தவை, கழிவு ஆகியவற்றுக்கும் இருப்புக் கணக்கில் இடம் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 56 சொல்வது. எனவே "உள்ளே", "வெளியே", "திரும்பியது" ஆகியவற்றோடு "பழுது", "மாதிரி" என்ற இரண்டு பொத்தான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதான சேலைக்கு என்று ஒரு பொத்தான் இல்லாவிட்டால், கிடங்கில் இருப்பவர் அதை எங்கும் பதியாமல் ஒதுக்கி வைத்துவிடுவார். மாதக் கடைசி வித்தியாசத்தில் ஒரு பங்கு அப்படித்தான் உருவாகிறது.

பதில் — அம்மாபேட்டை மென்பொருள் பணியாளர்

அட்டை இல்லாமல் திரும்பி வரும் சேலைகளுக்கு என்று தனியாக ஒரு தட்டு ஒதுக்கி, அதற்கும் ஒரு குறியீடு ஒட்டுங்கள். வந்தவுடன் விற்பனை இருப்பில் சேர்க்காமல் முதலில் அந்தத் தட்டில் ஏற்றி, டிசைன் தெரிந்த ஒருவர் பார்த்து, புதிய அட்டை கட்டிய பிறகே அலமாரிக்கு மாற்றுங்கள். அதுவரை அந்தச் சேலைகளை யாருக்கும் இருப்பதாகச் சொல்ல வேண்டாம்.

தொடங்கும் காலத்தைப் பொறுத்தவரை, தீபாவளியும் பொங்கலும் முடிந்து கிடங்கு ஓரளவு காலியாக இருக்கும் தை மாதக் கடைசி உங்களுக்கு வசதியாக இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் ஒட்ட நினைத்தால் வியாபாரம் நின்றுவிடும். வேகமாக விற்கும் டிசைன்கள் உள்ள ஓர் அலமாரியை மட்டும் முதலில் எண்ணி, அட்டை கட்டி, ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். அந்த அலமாரியில் மட்டும் தினமும் கடை திறப்பதற்கு முன் ஒரு தட்டைக் கையால் எண்ணிக் கணினியோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் முந்தைய நாள் நகர்வுகளை மட்டும் பார்த்தால் போதும். யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அப்போது நினைவில் இருக்கும். அந்த அலமாரி தொடர்ந்து ஒத்துப் போகத் தொடங்கியதும் அடுத்ததற்குப் போகலாம். பழைய நோட்டுப் புத்தகத்தை அதுவரை நிறுத்த வேண்டாம்.