"அருமை, நன்றி" போட்டு லிங்க் ஒட்டுபவர்களை எப்படி நிறுத்துவது?

மாடித்தோட்டம்:
டிஸ்கோர்ஸ் என்ற விவாதக்குழு மென்பொருளில் சின்னதாக ஒரு தோட்டக்கலைக் குழு நடத்துகிறேன். தக்காளியில் இலைச்சுருட்டல் என்று யாராவது கேட்டால், அடியில் ஒரு புது ஆள் வந்து "பயனுள்ள தகவல், நன்றி" என்று சொல்லிக் கூடவே கடன் ஆப் லிங்க்கையும் ஒட்டிவிட்டுப் போகிறார். நீக்கி நீக்கிக் கை ஓய்ந்துவிட்டது. எந்திரமா மனிதரா என்று சோதிக்கும் கேப்ட்சாவும் வைத்தாயிற்று.

குமிழ்:
கூலிக்கு உட்கார்ந்து ஒட்டுகிறவரை கேப்ட்சா என்ன செய்யும்? அவருக்குத் தக்காளி முக்கியமில்லை, பல இடங்களில் லிங்க் இருந்து கூகுளில் அந்தத் தளம் மேலே வர வேண்டும். இதற்காகவே 2005இல் கூகுள் 'நோஃபாலோ' குறியைக் கொண்டுவந்தது, அது உள்ள லிங்க்குக்குத் தரவரிசையில் பலன் இல்லை என்றார்கள், ஆனாலும் ஒட்டுவதற்குச் செலவே இல்லாததால் இவர்கள் ஓயவில்லை.

ரவாதோசை:
டிஸ்கோர்ஸில்தான் நம்பிக்கை நிலைகள் இருக்கின்றனவே, புதியவர் நிலை 0இல் தொடங்கிப் பங்கெடுக்கப் பங்கெடுக்க மேலே போவார்! லிங்க் போடும் உரிமையை நிலை 1 முதல் வையுங்கள், புதியவரின் முதல் பதிவு உங்கள் ஒப்புதலுக்குப் பிறகு வெளிவரட்டும்.

பழையசோறு:
பதிவு இத்தனை எழுத்துக்குக் குறையக்கூடாது என்று வரம்பும் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கருத்துக்கு 15 எழுத்து வேண்டும், ஆனால் அங்கே நெடுங்காலம் ஆளை நிறுத்தியது, நல்ல பதிவுகளுக்குக் கிடைக்கும் புள்ளி 50 வேண்டும் என்ற விதிதான். நீளமாக எழுதித் தர இப்போது சாட்ஜிபிடி இருக்கிறதே.

மாடித்தோட்டம்:
சரி, லிங்க்கைப் பூட்டிவிடுகிறேன். எழுத்து வரம்பு வேண்டாம், எங்கள் குழுவில் ஒரு பாட்டி "நன்றி தம்பி" மட்டும்தான் எழுதுவார்.