பித்தப்பைக் கல்லும் ஆலிவ் எண்ணெயும்: நான் பட்டது

வைகாசியில் ஒரு கல்யாண விருந்தில் மட்டன் பிரியாணி சாப்பிட்டு வந்து படுத்தேன். நடுராத்திரி வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்த வலி முதுகு வழியாகத் தோள்பட்டை வரை இழுத்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். மூன்று மணி நேரத்தில் தானாக விட்டது. மூன்றாவது முறை வந்தபோதுதான் வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் இரண்டு கல், பெரியது 11 மி.மீ.

ஆபரேஷன் என்றதும் நடுங்கிவிட்டேன். ஒரு மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். அது சிறுநீரகக் கல்லுக்கு நம் பக்கம் சொல்லும் வைத்தியம். பித்தநீர் குடலுக்குத்தான் போகிறது, சிறுநீர்ப் பாதைக்கு இல்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் ஆலிவ் எண்ணெய் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்ற வீடியோவைப் பார்த்து அந்தப் பெரிய வைத்தியத்தில் இறங்கினேன். ஆறு நாள் ஆப்பிள் ஜூஸ், கடைசி நாள் பேதிக்கு எப்சம் உப்பு, ராத்திரி அரை டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு. விடிய விடியக் குமட்டல். காலையில் பேதியோடு பட்டாணி அளவில் பச்சை உருண்டைகள், முப்பதுக்கு மேல் இருக்கும். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். டாக்டரிடம் காட்ட டப்பாவில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் வெயிலில் உருகிப் பச்சை எண்ணெயாகக் கிடந்தது. கல் எங்கேயாவது உருகுமா?

டாக்டர் திட்டவில்லை. எண்ணெயும் எலுமிச்சையும் குடலுக்குள் சேர்ந்து சோப்பு மாதிரி உறைவதுதான் அது என்றார். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இதே போல் ஒரு பெண்ணின் உருண்டைகளைச் சோதித்து எழுதியிருக்கிறார்களாம். 40 டிகிரியில் உருகியிருக்கிறது, பித்தக்கல்லில் பொதுவாக இருக்கும் கொலஸ்ட்ராலே இல்லை, முக்கால்வாசி கொழுப்பு அமிலம். மறுபடி ஸ்கேன் எடுத்தோம். அதே இரண்டு கல், அதே அளவு.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். நான்கு சின்னத் துளை, மறுநாள் வீடு. கல்லைப் பாட்டிலில் கொடுத்தார்கள். இன்றும் அப்படியே கெட்டியாக இருக்கிறது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன், என் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்கிறேன். கண் மஞ்சளானதும் காமாலை என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியமும் வைத்தோம். பத்து நாளில் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது, சிறுநீர் கட்டங்காபி நிறம், உடம்பெல்லாம் அரிப்பு. குளிர் ஜுரம் வந்த அன்றுதான் ஓடினோம். கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது, கிருமியும் சேர்ந்துவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. அடைத்து நிற்கும் கல்லை அதனால் நகர்த்த முடியாது, அவ்வளவுதான். மஞ்சளோடு ஜுரமும் நடுக்கமும் வந்தால் தயவுசெய்து ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

*

நானும் ஒன்று சொல்கிறேன், அக்கா. என் மாமனாருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 6 மி.மீ. கல் தெரிந்தது. வலியே இல்லை. அப்படியே விடலாம், வலி வந்தால் வாருங்கள் என்றார் டாக்டர். மாத்திரையில் கரையாதா என்று கேட்டோம். சின்னக் கொலஸ்ட்ரால் கல்தான் கரையும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்திய பின் திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு என்றார். பித்தநீரின் நிறப்பொருளால் ஆன நிறமிக் கல்லாக இருந்தால் கரையவே கரையாதாம். இரண்டு வருடமாக எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். அக்கா, ஆபரேஷனுக்குப் பிறகு உங்களால் எல்லாம் சாப்பிட முடிகிறதா?

*

முதல் மாதம் எண்ணெய் கூடினால் வயிறு கலக்கியது. இப்போது இல்லை. போன வாரம் பிரியாணி சாப்பிட்டேன்.