கடைசி செமஸ்டர் முடியப்போகிறது: எம்.எஸ்சி.யா, சென்னை வேலையா, குரூப் 4-ஆ?

கொலுசுவீடு

சேலத்தில் அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் ஆண்டு. ஏப்ரலில் கடைசி செமஸ்டர் தேர்வு. வீடு சிவதாபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறார்கள், செவ்வாய்ப்பேட்டை வியாபாரி தரும் வெள்ளிக்குக் கூலி. அப்பா பொடியும் வெண்காரமும் வைத்துப் பற்றவைப்பார், அம்மா சலங்கை கோர்ப்பார், ராத்திரி நானும் உட்காருவேன். என் ரியல் அனாலிசிஸ் நோட்டைப் பார்த்தால் தெரியும், பக்க ஓரமெல்லாம் கைக்கரி.

இப்போது எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்விதான், அடுத்து என்ன? வகுப்பில் பாதிப் பேர் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குக் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் மேடம் எம்.எஸ்சி.யை விடாதே என்கிறார், எனக்கும் கணக்கு உண்மையாகவே பிடிக்கும், மார்க்குக்காக மட்டும் இல்லை. கேம்பஸில் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்திருக்கிறது, கஸ்டமர் சப்போர்ட் வேலை, கணக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அத்தை ஜாதகத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார், அதை விடுங்கள்.

வெள்ளி விலை ஏறியதிலிருந்து வீட்டில் வேலை குறைந்துவிட்டது. வெளியில் இருப்பவர்கள் "விலை ஏறினால் உங்களுக்கு நல்லதுதானே" என்று கேட்கிறார்கள். கூலி எடைக்குத்தான், விலைக்கு இல்லை. வியாபாரி கையில் அதே பணம்தான் இருக்கிறது, அதற்கு வாங்க முடிகிற வெள்ளி குறைந்துவிட்டது, அப்போது எங்களுக்கு வருகிற கிலோவும் குறையும். இந்த டிகிரியோடு எனக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாயும் நின்றுவிடும், பார்க்கச் சின்னத் தொகைதான், ஆனால் என் பஸ், போன் எல்லாம் அதில்தான் ஓடியது.

இத்தனை வருஷம் ஜூன் மாதம் வந்தால் எங்கே போக வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். இந்த ஜூனுக்கு அப்படி எதுவும் இல்லை. தோழிகள் இப்போதே போட்டோ எடுத்து அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. இப்படித்தான் எல்லோருக்கும் இருக்குமா? நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

இருபதாவதுவளைவு

தங்கச்சி, நான் ஏற்காட்டுக்காரன். இருபது கொண்டை ஊசி வளைவையும் தினம் இறங்கி ஏறித்தான் சேலத்தில் டிகிரி படித்தேன். இப்போது கூட்டுறவு வங்கியில் வேலை. எரிச்சல் வருவது சாதாரணம்தான், எனக்கு மூன்றாம் வருஷம் முழுக்க யாரைப் பார்த்தாலும் அடிக்கலாம் போல இருந்தது.

குரூப் 4 பற்றி மட்டும் சொல்கிறேன். அது பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், அந்தப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75, கணக்குப் பகுதி 25, அது உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழுக்குப் பள்ளிப் புத்தகம் போதும், ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக எடுத்து உட்கார். இதை எம்.எஸ்சி. படித்துக்கொண்டே எழுதலாம், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டும் எழுதலாம். மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இது ஒன்றுக்காக வீட்டில் உட்காருவதுதான் வேண்டாம் என்கிறேன். என்னோடு மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்தவர்களில் இன்னமும் அதே மேஜையில் இருப்பவர்கள் உண்டு, கெட்டிக்காரர்கள்தான், ஆனால் "அடுத்த நோட்டிபிகேஷன் வரட்டும்" என்றே வருஷம் போய்விட்டது.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நடை போ. அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துவார்கள்.

கிண்டிவாசி

எனக்கு ஊர் அம்மாபேட்டை. சென்னை வந்து பல வருஷம் ஆகிறது. சேலத்துக்காரர்கள் பாதிப் பேர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறித்தான் இங்கே வந்து சேர்ந்தோம். (ஏற்காட்டுக்கே போகாத ரயிலுக்கு யார் அந்தப் பெயர் வைத்தார்களோ.)

அட்வைஸ் எல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் கேட்பது, ஆபர் லெட்டரை முழுதாகப் படித்தாயா? கேம்பஸில் சொல்லும் வருஷச் சம்பளத்தை பன்னிரண்டால் வகுத்து, அதுதான் கைக்கு வரும் என்று நினைத்துவிடாதே. பி.எப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்கிற இன்சென்டிவ், எல்லாவற்றையும் அதற்குள் திணித்திருப்பார்கள். கைக்கு எவ்வளவு என்று எச்.ஆரிடம் மெயிலில் கேள், வாய்ப்பேச்சு வேண்டாம். அதில் விடுதி வாடகை, சாப்பாடு, மாதம் ஒரு தடவை ஊருக்கு வர டிக்கெட், எல்லாம் போக வீட்டுக்கு என்ன அனுப்ப முடியும்? அந்த மீதிதான் உண்மையில் உன் சம்பளம். அப்புறம் பாண்ட், அதாவது வேலையை விட முடியாத காலம், எத்தனை மாதம், நைட் ஷிப்ட் உண்டா, ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்களா, இதையும் பார்த்துவிட்டு வந்து எழுது.

சாக்பீஸ்

கண்ணு, நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள், உன் கல்லூரி இல்லை. எம்.எஸ்சி. விவரம் முதலில். ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு, அது பிப்ரவரியிலேயே முடிந்துவிடும், இனி அடுத்த வருஷம்தான். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்துக்கு நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம், விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பார். கடினமான தேர்வு, ஆனால் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அனாலிசிஸ் படித்த பெண் எழுதாமல் இருக்கக் கூடாது. அது இல்லையென்றால் அரசுக் கலைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இருக்கிறது, செலவு குறைவு, ரிசல்ட் சமயத்தில் ஆன்லைனில் விண்ணப்பம் வரும். பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.க்கு மேல் பி.எட். இன்னும் இரண்டு வருஷம், அதற்குப் பிறகுதான் முதுகலை ஆசிரியர் தேர்வு. நாலு வருஷக் கணக்கு அது, தெரிந்தே இறங்கு.

ஒன்று கேட்கவா? மேடம் சொன்னது, தோழிகள் செய்வது, அத்தை கேட்டது எல்லாம் எழுதியிருக்கிறாய். அப்பா அம்மா என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி கூட இல்லையே.

கொலுசுவீடு

அக்கா, அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான், "நீ இந்த வேலைக்கு உட்காராமல் இருந்தால் போதும் சாமி." அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். பணத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் "நீ படி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றுதான் சொல்வார்கள், அதை எப்படி நம்புவது?

செவ்வாய்ப்பேட்டைஆள்

நான் வெள்ளி வியாபாரம். திட்டாதீர்கள், பாப்பா சொன்ன கூலிக் கணக்கு அப்படியே சரி. கடைக்காரர்களும் ஸ்டாக்கைக் குறைத்துவிட்டார்கள், கனமான கொலுசு கேட்டவர்கள் லேசானதைக் கேட்கிறார்கள். லேசான கொலுசுக்கும் பற்றவைக்கிற இடம் குறையாது, அதனால் ஒரு உருப்படிக்கு உங்கள் வீட்டுக்கு வேலை அதே அளவு, கூலி மட்டும் குறைவு. இதை உங்கள் அப்பா வியாபாரியிடம் பேசலாம், உருப்படிக்கு இவ்வளவு என்று கேட்கலாம். சிலர் கொடுக்கிறார்கள்.

"பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வார்கள்தான். அதனால் படிக்கட்டுமா வேண்டாமா என்று கேட்காதே பாப்பா. வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார். போன தீபாவளிக்கு எத்தனை கிலோ, இப்போது எத்தனை கிலோ, சேதாரம் போக என்ன நின்றது, நகைக்கடன் இருக்கிறதா, வட்டி எவ்வளவு. எண்ணில் கேட்டால் எண்ணில்தான் பதில் வரும். எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் கேட்டேன். உன் வீட்டில் டச் கணக்கு, அதான் வெள்ளியின் சுத்தக் கணக்கு, யார் போடுவது?

கொலுசுவீடு

நான்தான் அண்ணா, பத்தாவதிலிருந்து.

செவ்வாய்ப்பேட்டைஆள்

அப்போது நோட்டு உன்னிடமே இருக்கிறது! கூலிக்காரர் வீட்டுப் பெண் பி.எஸ்சி. கணக்கு என்றால் எங்களுக்குத்தான் சிரமம்.

கொலுசுவீடு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்கார்ந்தோம். அம்மாதான் பேசினார், அப்பா அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார், திரும்ப வந்து கதவோரமே நின்றார். நகைக்கடன் இருக்கிறது, எனக்கு இதுவரை தெரியாது. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் என்றால் என் பணம் இல்லாமல் சமாளிக்கலாம், இரண்டு வருஷம் என்றால் யோசிக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். எம்.எஸ்சி. இரண்டு வருஷம் ஆயிற்றே. சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் இரண்டாவது வருஷத்தைப் பாதியாவது சமாளிக்கலாம் என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உருப்படிக் கூலி பற்றி அப்பா வியாபாரியிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பேசுவாரா தெரியாது.

சிறுசேரி விண்ணப்பம் போட்டுவிட்டேன். பழைய கேள்வித்தாளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, இரண்டு கணக்கு மட்டும் வந்தது.

கிண்டிவாசி அண்ணா, லெட்டரைப் படித்தேன். பாண்ட் பதினெட்டு மாதம், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைச் சேரும் அன்றே கொடுக்க வேண்டுமாம். நைட் ஷிப்ட் உண்டு.

கிண்டிவாசி

ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்காதே. அது அவர்கள் கையில் இருந்தால் எம்.எஸ்சி. சேரவும் முடியாது, வேறு வேலைக்குச் சர்டிபிகேட் சரிபார்ப்புக்குப் போகவும் முடியாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவார்களா என்று மெயிலில் கேள், இல்லையென்றால் விட்டுவிடு. சேரும் தேதி ஜூலையா ஆகஸ்டா? எம்.எஸ்சி. ரேங்க் லிஸ்ட் வரும் வரை பதில் சொல்ல நேரம் கேட்டுப் பார், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

சாக்பீஸ்

அந்தத் தாளில் இரண்டு கணக்கு வந்தது என்றால் மோசமில்லை கண்ணு. வராததில் ஒன்றை இங்கே போடு, பார்க்கலாம்.