பாடம் செய்த களவா மீனில் நீலப் புள்ளிகள் ஒட்டுத்தாள் போலத் தெரிகின்றன: என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங் தூண்டில் (பினாங்கு) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். லங்காவிக்கு அப்பால் நண்பர் ஒருவர் பிடித்த சிவப்புக் களவாவை, அதாவது இங்கே சந்தையில் கெராப்பு பாரா என்று கேட்டு வாங்கும் மீனை, அவருக்காகப் பாடம் செய்து வருகிறேன். தோலை நுரை உடலில் ஏற்றிக் காயவைத்து, துடுப்புகளின் கிழிசல்களைச் சரிசெய்து, பிரைமரும் செம்பழுப்பு அடிநிறமும் அடித்து முடித்துவிட்டேன். உடல் முழுவதும் உள்ள நீலப் புள்ளிகளும், தலையில் உள்ள நீண்ட கோடுகளும்தான் இப்போது தடையாக நிற்கின்றன.

0.3 மில்லிமீட்டர் முனை கொண்ட ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் சாயம் தூவும் கருவி) அக்ரிலிக் சாயத்தை அடித்தால் புள்ளியைச் சுற்றிக் கால் முளைத்தாற்போல் சாயம் ஓடுகிறது. தூரிகையால் வைத்தாலோ விளிம்பு கூர்மையாகி, மேலே ஒட்டிவைத்தது போலத் தெரிகிறது. இரண்டு வழியிலும் சிவப்பின் மேல் விழுந்த நீலம் மங்கி ஊதாவாக மாறிவிடுகிறது. அழியா மை மார்க்கரைத் தனித் தகட்டில் சோதித்துப் பார்த்தேன். அதன் மேல் லேக்கர் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்ததும் மை கரைந்து பரவியது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கெப்போங் பட்டறை (கோலாலம்பூர்):

வணக்கம். முதலில் உங்கள் மீன் எந்த இனம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் சந்தையில் ஒரே பெயரில் விற்கப்படும் மீன்களுக்குள்ளேயே புள்ளிகள் வேறுபடும். பிளெக்ட்ரோபோமஸ் லெப்பார்டஸ் என்ற இனத்தில் புள்ளிகள் மிகச் சிறியவை, நெருக்கமானவை; மாக்குலாட்டஸ் என்ற இனத்தில் அவை பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, தலையில் நீண்டு கோடுகளாகவே மாறியிருக்கும். நீங்கள் தலைக் கோடுகளைக் குறிப்பிடுவதால் இரண்டாவது இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் வால் வரை பொடிப்பொடியாகப் புள்ளிகளை நிரப்பிவிடாதீர்கள். மீன் அறிந்தவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

நீலம் ஊதாவாவதற்குக் காரணம், பெரும்பாலான நீலச் சாயங்கள் ஒளி ஊடுருவக் கூடியவை என்பதுதான். அடியில் இருக்கும் சிவப்பு மேலே வந்து கலந்துவிடுகிறது. ஆகவே ஒரு புள்ளியை ஒரே தடவையில் வைத்து முடிக்க நினைக்காமல் மூன்று அடுக்குகளாக அமையுங்கள். உயிருள்ள மீனில் நீலத்தைச் சுற்றி மெல்லிய கருமையான விளிம்பு உண்டு. முதலில் அந்தக் கருமையை, புள்ளியைவிடச் சற்றுப் பெரிதாக, ஏர்பிரஷ்ஷால் மென்மையாகப் பதியுங்கள். தனிக் கறுப்பு வேண்டாம். அடர் பழுப்பில் சிறிது நீலம் கலந்தால் சிவப்போடு இணங்கிப் போகும். அதன் நடுவில் சற்றுச் சிறியதாக வெள்ளைப் புள்ளி வைத்து, அது காய்ந்த பின் அதன் மேல் மட்டும் நீலத்தை ஏற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் அடிநிறத்தையே மிக மெல்லியதாகக் கலக்கி உடல் முழுவதும் பனிமூட்டமாக ஒருமுறை அடித்தால், புள்ளி தோலுக்குள் இறங்கிவிடும். நிறமிச் செல்கள் தோலுக்குள்தான் இருக்கின்றன என்பதால், இந்தக் கடைசி அடுக்கு இல்லாமல் எந்தப் புள்ளியும் மேலே மிதப்பதாகவே தோன்றும்.

சாயம் கால் முளைத்து ஓடுவது காற்றழுத்தம் மிகுதியாலோ, சாயத்தை அளவுக்கு மீறி வெளியேற்றுவதாலோ வருவது. 0.2 முனைக்கு மாறி, அழுத்தத்தை 10 முதல் 15 பிஎஸ்ஐக்குள் இறக்கி, சாயத்தை இன்னும் நீர்க்கச் செய்து, ஊசி மூடியைக் கழற்றிவிட்டு மேற்பரப்புக்கு மிக அருகில் சென்று அடியுங்கள். ஊசி நுனி இம்மியளவு வளைந்திருந்தாலும் புள்ளி ஒரு பக்கமாகச் சாயும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்:

மேலே சொன்னதோடு, நம் ஊர் ஈரப்பதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரக் காற்றைக் கம்பிரசர் அழுத்தும்போது குழாய்க்குள் தண்ணீர் திரண்டு, நுண்ணிய வேலை நடக்கும் வேளையில் துளியாகத் தெறிக்கும். ஆகவே கம்பிரசரில் உள்ள நீர்வடிகட்டியோடு, கைப்பிடிக்கு அருகிலும் ஒன்று பொருத்துங்கள். மழை நாளில் லேக்கர் கிளியர் அடித்தால் பால்நிறப் படலம் படியும், அதற்கடியில் உங்கள் நீலம் சாம்பலாகத் தெரியும். மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்துங்கள், அல்லது ஈரம் குறைந்த பிற்பகல் வரை காத்திருங்கள்.

சுங்கை பூலோ தூரிகை:

வெள்ளைப் புள்ளிக்கு ஏர்பிரஷ்ஷே தேவையில்லை என்பது என் கருத்து. நகப்பூச்சுக் கடைகளில் கிடைக்கும் உருண்டை முனைக் குச்சி ஒரே அளவில் வேகமாகப் புள்ளி வைக்கும்.

கெப்போங் பட்டறை:

வேகம் உண்மைதான், ஆனால் அந்தக் குச்சி வைக்கும் புள்ளி குமிழாக மேடிட்டு நிற்கும். பளபளப்பான கிளியர் அந்த மேட்டை இன்னும் எடுத்துக்காட்டும். ஒரே அளவு என்பதும் இங்கே குறைதான், ஏனெனில் களவாவின் புள்ளிகள் கச்சிதமான வட்டங்களும் அல்ல, வரிசையில் நிற்பவையும் அல்ல. பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் சாயத்தை நீர்க்கச் செய்து, வைத்தவுடன் விரல் நுனியால் ஒற்றிவிடுங்கள்.

கோடுகளுக்கு மட்டும் தூரிகைக்கு நிகரில்லை. நீண்ட மயிருள்ள மெல்லிய தூரிகையில் சாயத்தை மைபோல் ஓடும் பதத்தில் எடுத்து, மணிக்கட்டை ஒரு கட்டையின் மேல் தாங்கவைத்து, நுனியால் தொடங்கி, நடுவில் லேசாக அழுத்தி, முடிவில் தூக்கிவிட்டால் இரு முனையும் கூராக வரும்.

ஜெலுத்தோங் தூண்டில்:

மிக்க நன்றி. கைவசம் உள்ள படங்களில் படகில் எடுத்தவற்றில் மீன் சிவப்பாகவும், இணையத்தில் கிடைத்த கடலடிப் படங்களில் பழுப்பாகவும் இருக்கிறது. எதைப் பின்பற்றுவது? தலையில் ஏற்கெனவே வைத்த புள்ளிகளை அழித்தால் அடிநிறமும் போய்விடுமா?

கெப்போங் பட்டறை:

தண்ணீரில் ஆழம் கூடக்கூடச் சிவப்பு ஒளி முதலில் மறைந்துவிடுவதால், விளக்கில்லாமல் எடுத்த கடலடிப் படம் நிறத்துக்கு உதவாது. புள்ளிகளின் இடத்துக்கு மட்டும் கொள்ளலாம். அதிலும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றல்ல என்பதால் சுவரில் எந்தப் பக்கம் தெரியப்போகிறதோ அந்தப் பக்கத்துப் படத்தையே பாருங்கள். நிறத்துக்குப் படகில், மீன் உயிரோடு இருக்கும்போது எடுத்த படமே சரி, ஏனெனில் இந்த மீன் உயிருடன் இருக்கும்போதே நிறம் மாற்றும், இறந்த பின் வெளுக்கும்.

அழிப்பதைப் பொறுத்தவரை, அடிநிறத்தின் மேல் கிளியர் அடித்திருந்தால் ஈரத் துணியில் சிறிது கண்ணாடித் துடைப்புத் திரவம் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். புதிதாக வைத்த அக்ரிலிக் புள்ளி மட்டும் எழும்பி வந்துவிடும். அடிக்கவில்லை என்றால் துடைக்க வேண்டாம், தலைக்கு மட்டும் அடிநிறத்தை மறுபடி அடித்து மூடிவிட்டு, அது நன்றாகக் காய்ந்த பின் கிளியர் ஒன்று அடித்துவிட்டுப் புள்ளிகளைத் தொடங்குங்கள். இறுதிக் கிளியரின் முதல் இரண்டு பூச்சுகளைத் தூரத்திலிருந்து உலர்ந்த தூவலாக அடியுங்கள். ஈரமாக அடித்தால் லேக்கரின் தின்னர் மெல்லிய கோடுகளை அரித்துவிடும்.