பேதி, இளநீர், பிரஷர் மாத்திரை

செல்வி: மாமனாருக்கு நேத்து ராத்திரியிலேருந்து வாந்தி பேதி. வயசு 72. பிரஷருக்கு டெல்மிசார்டன், கால் வீக்கத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடறார். இளநீர் குடுத்துட்டே இருக்கேன், சரிதானே?

கவிதா அக்கா (டயாலிசிஸ் நர்ஸ்): இளநீரை நிறுத்திடு செல்வி, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. காலையிலேருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனார்?

செல்வி: ஒரே தடவைக்கா. கொஞ்சமா, கடும் மஞ்சளா.

கவிதா அக்கா: அப்ப இன்னைக்கே ரத்தம் பார்க்கணும். பேதியில பொட்டாசியம் வெளிய போறதால வழக்கமா குறையத்தான் செய்யும். ஆனா தண்ணி வத்தி கிட்னி மந்தமாயிட்டா, வெளியேற வழியில்லாம ஏறும், அது இதயத்துக்கு ஆபத்து. அவர் சாப்பிடற ரெண்டு மாத்திரையும் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற ரகம்.

முருகன் அண்ணே (மருந்துக்கடை): வலி மாத்திரை ஏதாவது போட்டாரா?

செல்வி: முட்டி வலிக்கு நேத்து ஒரு டைக்ளோஃபெனாக்.

முருகன் அண்ணே: இனி அது வேண்டவே வேண்டாம்மா. தண்ணி வத்தினா, கிட்னி வடிகட்டியிலேருந்து வெளிய போற குழாயைச் சுருக்கித்தான் உள்ள அழுத்தத்தைக் காப்பாத்தும். டெல்மிசார்டன் அதைச் சுருங்க விடாது. டைக்ளோஃபெனாக் உள்ள வர்ற குழாயைச் சுருக்கிடும். ரெண்டு பக்கமும் அடி. அடுத்த வேளை மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் போடு. வாந்தி பேதி நிக்கிற வரைக்கும் பெரும்பாலும் நிறுத்தி வைக்கச் சொல்வாங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் இருந்தா அதையும் கேளு. இதயத்துக்காக ஸ்பைரோனோலாக்டோன் குடுத்திருக்கலாம், அதனால நீயா நிறுத்தாதே.

செல்வி: குடிக்க என்ன குடுக்க?

கவிதா அக்கா: ஓஆர்எஸ். முழு பாக்கெட்டையும் 1 லிட்டர் தண்ணியில கரைச்சு, ஸ்பூன் ஸ்பூனா. அதுல லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம், 75 சோடியம். இளநீர்ல பொட்டாசியம் அதைவிட ரெண்டு மூணு மடங்கு, சோடியம் ரொம்பக் கம்மி. வீட்டுல ‘லோ சோடியம்’ உப்பு இருந்தா ஒதுக்கி வை, அதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

ரமேஷ் தம்பி (லேப்): பழைய கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட் அவசியம் எடுத்துட்டுப் போங்கக்கா. 0.9 இருந்தவருக்கு ஒரு வாரத்துல 1.4 வந்தா, ஒன்றரை மடங்குக்கு மேல. சின்ன நம்பர்தானேன்னு விட்டுடாதீங்க, அது திடீர் கிட்னி பாதிப்புதான். ரத்தம் எடுக்கறப்ப கையை மூடி மூடித் திறக்க வேண்டாம். ஊசி குத்தறதுல சிவப்பணு உடைஞ்சாலும் பொட்டாசியம் பொய்யா ஏறிக் காட்டும்.

கவிதா அக்கா: பொய்யா இருக்கும்னு வீட்டுல உக்காந்துடக் கூடாது. ஈசிஜி எடுத்துட்டுத்தான் மறு சாம்பிள். பொட்டாசியம் 6.5 தாண்டினா எமர்ஜென்சி. கால்சியம் குளுக்கோனேட் போடுவாங்க, அது இதயத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரப் பாதுகாப்பு மட்டும்தான், பொட்டாசியத்தைக் குறைக்காது. இன்சுலினும் குளுக்கோஸும்தான் அதை செல்லுக்குள்ள தள்ளும். அதுக்கப்புறம் மணிக்கு ஒரு தடவை சுகர் பார்க்கறாங்களான்னு நீயும் கவனி, சட்டுனு இறங்கிடும்.

செல்வி: ஆட்டோ வந்தாச்சு, கிளம்பறோம்.

முருகன் அண்ணே: மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டுக்கோம்மா, அந்த டைக்ளோஃபெனாக் அட்டையும் சேர்த்து.